நடுவில் இருப்பவரை விலக்கினால் எவ்வளவு மிஞ்சும்?

அன்புள்ள ஐயா,

என் தம்பி வேலையை விட்டுவிட்டு ரவாங் பக்கம் இரண்டு ஏக்கர் குத்தகைக்கு எடுத்து வெண்டை, கத்திரி, கீரை போடப்போகிறேன் என்கிறான். நாங்கள் கோலாலம்பூர் செந்தூலில் கொடுக்கும் விலையில் பாதிகூட விவசாயி கைக்குப் போவதில்லையாம். தௌக்கேயிடம் (மொத்த வியாபாரியிடம்) போடாமல் நேராக விற்றால் அந்தப் பாதியும் நமக்குத்தானே என்பது அவன் கணக்கு. சரிதானா?

க., செந்தூல்

அன்புள்ள க.,

கணக்கில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. அந்தத் தௌக்கே லோரி அனுப்புகிறார், ஊர் தூங்கும்போது சிலாயாங் மொத்தச் சந்தையில் நிற்கிறார், வாடியதைக் கழித்துக் கொட்டுகிறார், விற்காமல் போனால் அந்த நட்டத்திலும் ஒரு பங்கு அவருடையது. கொஞ்சம் கூடுதலாகவே எடுத்துக்கொள்வார் என்பதும் உண்மைதான். விதைக்கும் உரத்துக்கும் அவரிடமே கடன் வாங்கியிருந்தால் அவர் சொன்னதுதான் விலை. ஆனால் அவரை விலக்கினால் அவர் வேலை அத்தனையும் தம்பி தலையில்.

வெண்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். விதைத்து ஒன்றரை மாதத்தில் காய்க்கத் தொடங்கும், அப்புறம் மழையோ ஞாயிறோ ஒருநாள் விட்டு ஒருநாள் பறித்தே ஆகவேண்டும், இரண்டு நாள் பிந்தினால் நார் ஏறிவிடும், நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிற நம் பெண்கள் அதைத் தொடமாட்டார்கள். தம்பி சந்தையில் நின்றால் தோட்டத்தில் யார் பறிப்பது? ஆள் வைக்கவேண்டும். 2025 ஆகஸ்டிலிருந்து ஓரிருவரை மட்டும் வைத்திருக்கும் முதலாளியும் மாதம் 1,700 ரிங்கிட் குறைந்தபட்சச் சம்பளம் தரவேண்டும். நேரடி விற்பனையில் கிலோவுக்கு 2 ரிங்கிட் கூடக் கிடைக்கிறது என்று பேச்சுக்கு வைத்துக்கொண்டாலும், அந்த ஒரு சம்பளத்துக்கே மாதம் 850 கிலோ விற்றாகவேண்டும். வேன், டீசல், கடை வாடகை எல்லாம் அதற்கு மேல்.

நேரடி விற்பனையே வேண்டாம் என்று சொல்லவில்லை. அரசின் வேளாண் விற்பனை வாரியமான ஃபாமா 1985இல் தொடங்கிய பாசார் தானி என்ற உழவர் சந்தை இப்படிப்பட்டவர்களுக்காகத்தான். வாரத்தில் ஒருநாள் அங்கே கீரையோடு நிற்கட்டும். கீரை பறித்த சில மணி நேரத்தில் துவண்டுவிடும், அதனால் பக்கத்து ஊர்க்காரனுக்கு அதில் ஒரு சாதகம் இருக்கிறது; முட்டைக்கோஸில் கேமரன் மலைக்காரர்களோடு மோத முடியுமா என்ன. வெண்டையும் கத்திரியும் தௌக்கேக்கே போகட்டும், கடன் மட்டும் வாங்கவேண்டாம்.

புரட்டாசியை மறக்கவேண்டாம் என்று சொல்லுங்கள். அந்த ஒரு மாதம் இங்கே பாதி வீடுகளில் மீனும் கோழியும் கிடையாது, காய்கறிதான். ஆடிப்பட்டம் தேடி விதை என்று தமிழ்நாட்டில் சொன்னது அங்கத்திய மழையைப் பார்த்து, ஆனால் ஆடியில் போட்ட வெண்டை இங்கேயும் சரியாகப் புரட்டாசிக்குத்தான் காய்க்கும். (எல்லோரும் இதையே யோசித்தால் விலை சாயும், அதுவும் நடக்கும்.) ஒரே நாளில் இரண்டு ஏக்கரையும் விதைக்காமல் பத்துப் பதினைந்து நாள் இடைவெளியில் பாத்தி பாத்தியாகப் போட்டால் ஒரேயடியாக வந்து குவியாது.

நீங்கள் கேட்காத ஒன்று, எனக்கு இதுதான் பெரிய கவலை: நிலம் யாருடையது? டி.ஓ.எல். (அரசு நிலத்தில் தற்காலிகமாக இருக்கத் தரும் உரிமம்) நிலமாக இருந்தால் அந்த உரிமம் ஒவ்வோர் ஆண்டும் டிசம்பர் 31உடன் முடிந்துவிடும், வைத்திருப்பவர் அதை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்கவும் முடியாது. கிணறு, குழாய், கொட்டகை என்று போடும் பணம் அப்படியே போகும். கிராண்டை (நிலப் பட்டாவை) கண்ணால் பார்த்து, நில அலுவலகத்தில் ஒருமுறை விசாரித்துவிட்டு அப்புறம் கையெழுத்துப் போடச் சொல்லுங்கள். அதுவரை வேலையை விடவேண்டாம்.