காலிக் கட்டம்

அன்புள்ள ஐயா,

முதுகலை ஆய்வேட்டுக்காகப் புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கம் களா, சூரை, காரை என்ற மூன்று முள்செடிகளுக்கும் சேர்த்து 140 இருப்பிடங்கள் திரட்டியிருக்கிறேன். பாதி பழைய ஹெர்பேரியம் தாள்களிலிருந்து (உலர்த்தி ஒட்டிய செடி மாதிரிகள்), மீதி நானே பார்த்தவை. 10 கிலோமீட்டர் கட்டங்களாக வரைபடம் போட்டதில் சாலையோரக் கட்டங்கள் ஆறு அடர்சிவப்பாக வந்திருக்கின்றன. விதை சேகரிப்பை அங்கே தொடங்கலாமா? எத்தனை செடியில் எடுப்பது? வரைபட மென்பொருளில் டிவா-ஜிஐஎஸ் போதுமா, க்யூஜிஐஎஸ் கற்க வேண்டுமா?

ர., புதுக்கோட்டை

அன்புள்ள ர.,

மூன்று முள்செடிகளுக்காக இவ்வளவு வெயிலில் அலைந்திருக்கிறீர்கள். அதற்காகவே இந்தப் பதில். மென்பொருள் எது கைக்குப் பழகியதோ அது போதும்.

ஆறும் சாலையோரக் கட்டங்கள் என்று நீங்களே எழுதுகிறீர்கள். எழுதிவிட்டு அடுத்த வரிக்குத் தாவுகிறீர்கள். அங்கே நின்றிருக்க வேண்டாமா? களாவுக்கு பஸ் ஸ்டாப் எதற்கு? இன்னொன்று: உங்கள் பட்டியல்படி மூன்றே இனங்களை எண்ணினால் எந்தக் கட்டத்திலும் 3-க்கு மேல் வராது. அப்படியானால் அந்த அடர்சிவப்பு இன வளம் (எத்தனை வகை இனம் இருக்கிறது என்பது) அல்ல, பதிவுகளின் எண்ணிக்கை. வண்டியை விட்டு இறங்கியவர்கள் எங்கெங்கே இறங்கினார்கள் என்பதைத்தான் வரைந்து வைத்திருக்கிறீர்கள்.

எனக்குச் சிவப்பைவிட வெள்ளைக் கட்டங்கள்தான் உறுத்துகின்றன. தேடிப் பார்த்து இல்லாமல் திரும்பிய கட்டமும் வெள்ளை, யாரும் கால் வைக்காத கட்டமும் வெள்ளை. முதலாவது தகவல், இரண்டாவது வெறும் அறியாமை. இரண்டையும் ஒரே நிறத்தில் விட்டால் சேகரிக்கப் போகிறவர் பார்த்த இடத்தையே திரும்பப் பார்ப்பார். ஆகவே ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே அளவு உழைப்பு போடுங்கள்: 2 கிலோமீட்டர் நடை மூன்று. ஒன்று கண்மாய்க்கரை, ஒன்று கோயில்காடு, ஒன்று பாறைச்சரிவு. தேதி, நேரம், நடந்த தூரம் எழுதுங்கள். கிடைக்காவிட்டால் '0' என்று எழுதுங்கள், இடத்தை வெறுமையாக விடாதீர்கள். பூவும் பழமும் இல்லாத காலத்தில் இலையைக் கிள்ளிப் பாருங்கள்: பால் கசிந்தால் களா, கசியாவிட்டால் காரையாக இருக்கலாம். களாவிலும் பெருங்களா, சிறுகளா என்று இரண்டு இனங்கள் உண்டு. வெறும் 'களா' என்று எழுதினால் இரண்டும் கலந்துபோகும்.

பழைய தாள்களின் ஆயங்களையும் (அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள்) ஒருமுறை சரிபாருங்கள். 10 டிகிரி 23 நிமிடம் என்பது 10.38. அதை 10.23 என்று அடித்தால் புள்ளி 17 கிலோமீட்டர் தெற்கே போய்விடும், உங்கள் கணக்கில் ஒரு முழுக் கட்டத்துக்கும் மேல். ஊர்ப் பெயர் மட்டுமே உள்ள தாளுக்குப் புள்ளி மட்டும் வைக்காமல் எத்தனை கிலோமீட்டர் பிசகலாம் என்பதையும் சேர்த்துக் குறியுங்கள்.

எத்தனை செடி என்பதற்கு 30. மார்ஷல், பிரவுன் என்ற ஆய்வாளர்கள் விதை சேகரிப்புக்கு வகுத்த அளவுகோலிலிருந்து வரும் எண் அது. ஒரு கூட்டத்தில் 100-க்கு 5-க்கு மேல் உள்ள மரபணு வடிவம் ஒருமுறையாவது கையில் சிக்க 95 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் 59 பாலணுக்கள் தேவை, அயல்மகரந்தச் சேர்க்கைச் செடிகளில் ஒரு செடி இரண்டு பாலணுக்களுக்குச் சமம் என்பதால் அது சுமார் 30 செடி. ஆனால் ஒரே புதரைச் சுற்றி முப்பது கிளையில் பறித்துவிட்டு 30 என்று எழுதக் கூடாது. செடிக்குச் செடி பத்துப் பதினைந்து மீட்டராவது தள்ளிப் போங்கள். செடிக்கு ஒரு பை. எல்லாவற்றையும் ஒன்றாகக் கொட்டினால் எது எந்தத் தாயின் விதை என்று பிறகு யாராலும் சொல்ல முடியாது. காப்புக்காடு என்றால் முதலில் வனத்துறை அனுமதி.

பிளாஸ்டிக் பை வேண்டவே வேண்டாம். களாப்பழம் அதில் ஒரே பகலில் வியர்த்துப் புளித்து, சூட்டில் விதையும் கெடும். துணிப்பையில் கொண்டுவந்து அன்றே சதையைக் கழுவி நிழலில் உலர்த்தி, நாள் கடத்தாமல் விதையுங்கள், முளைப்பு சீக்கிரம் குறைந்துவிடும். சூரைக் கொட்டை அவ்வளவு அவசரப்படுத்தாது. இருபதை உடைத்துப் பாருங்கள், பருப்பில்லாத சொத்தைக் கொட்டை எத்தனை என்று பையின் மேலேயே எழுதிவிடுங்கள்.

இந்தக் கோடையில் மூன்று வெள்ளைக் கட்டங்களாவது நடந்துவிட்டு எழுதுங்கள். சிவப்புக் கட்டங்கள் அதுவரை காத்திருக்கட்டும்.