இஞ்சி பியரும் குளோரின் வாசமும்: வாசகர் கேள்விகள்

இஞ்சி பியருக்கான பைப் தண்ணீரை ராத்திரி முழுக்கத் திறந்து வைத்தும் குளோரின் வாசம் போகவில்லையே? (நுவரெலியா)

எதில் வைத்தீர்கள் என்று எழுதவில்லை. குடத்தில்தான் இருக்கும். வாய் அகன்ற சட்டியில் ஊற்றுங்கள். உங்கள் ஊர்க் குளிரில் குளோரின் மெதுவாகத்தான் கிளம்பும், ஒரு முழு நாள் விடுங்கள். அவசரமென்றால் மூடாமல் கால் மணி நேரம் கொதிக்க வையுங்கள். அங்கே 94 பாகையிலேயே கொதித்துவிடும், அது போதும்.

குளோரினைப் போக்கும் கெம்டன் மாத்திரை எத்தனை போட வேண்டும்? (ஹட்டன்)

எத்தனை லீற்றருக்கு? அளவைச் சொல்லாமல் கேட்காதீர்கள். 20 லீற்றருக்குக் கால் மாத்திரை, பொடி செய்து கலக்குங்கள். குளோரினுக்குப் பதிலாகக் குளோரமைன் என்ற கிருமிநாசினி போட்ட தண்ணீருக்கும் இதுவே சரி. குளோரமைன் திறந்து வைத்தால் போகாது.

பீங்கான் பில்டர் போதுமா? (கம்பளை)

உள்ளே கரி இருந்தால் போதும். வெறும் பீங்கான் குளோரினைப் பிடிக்காது.

மலை ஊற்றிலிருந்து வரும் பீலித் தண்ணீரில் செய்யலாமா? (மஸ்கெலியா)

குளோரின் இல்லை, சரி. மேலே தோட்டத்து லய வீடுகளும் மாட்டுப் பட்டியும் இருக்கிறதே? கொதிக்க வைத்து ஆறவிட்டுச் செய்யுங்கள்.

ஐந்து போத்தலிலும் ஆஸ்பத்திரி வாசம். ஈஸ்ட் பழசா, பைப் தண்ணீரா? போத்தல்களை பிளீச் ஊற்றித்தான் கழுவினேன். (பண்டாரவளை)

பதிலைக் கடைசி வரியில் நீங்களே எழுதிவிட்டீர்கள். மாதத்துக்கு இரண்டு கடிதமாவது இப்படி வருகிறது, பழி மட்டும் எப்போதும் ஈஸ்ட்டுக்கு. கணக்குப் போடுங்கள். வீட்டு பிளீச்சில் குளோரின் 5 சதவீதம் என்று வைத்தால், ஒரு சொட்டில் இரண்டு மூன்று மில்லிகிராம். ஒரு லீற்றர் பைப் தண்ணீரில் பெரும்பாலும் அரை மில்லிகிராம்தான். போத்தல் அடியில் ஒரு சொட்டு தங்கினாலே ஐந்து மடங்கு! குளோரின், இஞ்சியிலும் ஈஸ்ட்டிலும் இருந்து வரும் பீனால் என்ற வகைப் பொருட்களோடு சேரும்போதுதான் அந்த மருந்து வாசம் பிறக்கிறது. பிறந்த பிறகு கொதிக்க வைத்தாலும், மாதக்கணக்கில் வைத்தாலும் போகாது. கொட்டிவிடுங்கள். நானும் ஒரு தடவை பத்துப் போத்தல் கொட்டியவன்தான். பிளீச்தான் வேண்டுமென்றால் தண்ணீர் கலந்து பாவியுங்கள், பிறகு ஆறிய வெந்நீரில் நாலு தடவை அலசிக் கவிழ்த்து வையுங்கள். சிலர் பிளீச்சோடு வினாகிரியும் ஊற்றுகிறார்கள். நச்சு வாயு கிளம்பும், வேண்டவே வேண்டாம்.

உண்மையான பியர் வடிக்க முறை சொல்லுங்களேன்? (தலவாக்கலை)

அனுமதிப்பத்திரம் இல்லாமல் வடித்தால் மதுவரித் திணைக்களத்துக்குத்தான் பதில் சொல்ல வேண்டிவரும். இஞ்சி பியரோடு நிற்போம். அதையும் கழுத்துவரை நிரப்பி அடுப்படியில் வைக்காதீர்கள், போத்தல் வெடிக்கும். அடுத்த முறை எழுதும்போது எத்தனை லீற்றர் என்றும் எழுதுங்கள்.