குளிரைவிட ஈரத்துக்குப் பயப்படுங்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: ஜனவரியில் மகள் வீட்டுக்குப் போகிறோம். அங்கே மைனஸ் 20 டிகிரி வரை இறங்குமாம். தடித்த ஸ்வெட்டர் நாலைந்து வாங்கி ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டால் போதுமா?

பதில்: போதாது. எத்தனை உடை என்பதைவிட எதற்கு மேல் எது என்பதுதான் கணக்கு. உடம்பை ஒட்டித் தெர்மல், அதாவது சூடு காக்கும் மெல்லிய உள்ளாடை, இருக்க வேண்டும். மெரினோ கம்பளியோ பாலியெஸ்டரோ எதுவானாலும் சரி. பருத்தி பனியன் மட்டும் வேண்டவே வேண்டாம். நாலு எட்டு வேகமாக நடந்தால் மைனஸ் 20-லும் உள்ளே வியர்க்கும். அந்த வியர்வையைப் பருத்தி குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். தண்ணீர், காற்றைவிட ஏறக்குறைய 25 மடங்கு வேகமாக வெப்பத்தைக் கடத்தும். நடை நின்றதும் நடுக்கம் பிடிப்பது இதனால்தான்.

தெர்மலுக்கு மேல் ஒரு ஃபிளீஸ் (மெத்தென்ற செயற்கை இழை மேலாடை) அல்லது கம்பளி ஸ்வெட்டர். அதற்கும் மேலே காற்றும் நீரும் புகாத, தொடை வரை வரும் ஜாக்கெட். மேலுக்கு மட்டும் பார்த்துக் காலை விட்டுவிடாதீர்கள், பேண்டுக்கு உள்ளேயும் தெர்மல் வேண்டும். புழுக்கம் தெரிந்த உடனே ஜிப்பைக் கொஞ்சம் இறக்குங்கள். வியர்த்து நனைந்த பிறகு இறக்கிப் பயனில்லை.

பூட்ஸுக்குள் விரல்களை மடக்கி நீட்ட இடம் இருக்கட்டும். இரண்டு மூன்று சாக்ஸ் போட்டுத் திணித்தால் ரத்த ஓட்டம் குறைந்து பாதம் இன்னும் சில்லிடும். கைக்கு, நான்கு விரலும் ஒரே பைக்குள் சேர்ந்திருக்கும் மிட்டன்தான் சிறந்தது.

கனத்த ஜாக்கெட்டையும் பூட்ஸையும் கிளம்புவதற்கு முன்பே வாங்க அவசரப்படாதீர்கள். மகளிடம் அளவைச் சொல்லி, கூடுதலாக இருப்பதை விமான நிலையத்துக்கே எடுத்து வரச் சொல்லுங்கள். இருந்தாலும் தெர்மல், தொப்பி, கையுறை மூன்றும் கைப்பையில் இருக்கட்டும். பெட்டி வந்து சேராவிட்டால் அவைதான் துணை.

கேள்வி: வானிலை அறிக்கையில் மைனஸ் 10 என்று போட்டு, பக்கத்தில் மைனஸ் 20 என்றும் போடுகிறார்கள். எதை நம்புவது?

பதில்: இரண்டும் சரிதான். முதலாவது காற்றின் வெப்பநிலை. இரண்டாவது, வீசும் காற்றையும் சேர்த்துத் தோலுக்கு உறைக்கும் குளிர். மைனஸ் 10 டிகிரியில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தால் அது மைனஸ் 20 போலத் தாக்கும். உடையையும் வெளியே இருக்கும் நேரத்தையும் இரண்டாவது எண்ணைப் பார்த்தே முடிவு செய்யுங்கள். அது மைனஸ் 28-க்குக் கீழே போனால், மூடாத தோல் 10 முதல் 30 நிமிடத்துக்குள் உறையக்கூடும்.

காது, மூக்கு நுனி, விரல் நுனி ஆகியவை முதலில் வலிக்கும்; பிறகு வலி நின்று மரத்து வெளுக்கும். வலி நின்றதை நல்ல அறிகுறி என்று எண்ணிவிடாதீர்கள், அதுதான் ஆபத்து. உடனே வீட்டுக்குள் போய், 37 முதல் 39 டிகிரி வெதுவெதுப்பான நீரில் அந்த இடத்தை வையுங்கள். தேய்க்கக் கூடாது. ஹீட்டரில் காட்டவும் கூடாது. மரத்த தோலுக்குச் சுடுவது தெரியாது. கொப்புளம் வந்தாலோ உணர்ச்சி திரும்பாவிட்டாலோ மருத்துவரிடம்தான் போக வேண்டும்.

கேள்வி: அப்பாவுக்கு எழுபது வயதைத் தாண்டிவிட்டது. வழுக்கி விழுந்துவிடுவாரோ என்பதுதான் என் கவலை.

பதில்: நியாயமான கவலை. ஆனால் பயப்பட வேண்டியது புதிதாகப் பெய்த வெள்ளைப் பனியைக் கண்டு அல்ல. பகலில் உருகி இரவில் மறுபடி உறைந்த, கண்ணாடி போன்ற மெல்லிய ஐஸ்தான் ஆளைச் சாய்க்கும். பார்வைக்கு அது நனைந்த தரை போலவே இருக்கும். அதிகாலை நடையைத் தள்ளிப் போடுங்கள். உப்பு தூவியிருக்கிறார்களே என்றும் நம்ப முடியாது. மைனஸ் 10-க்குக் கீழே இறங்கினால் சாதாரண உப்பு சரியாக வேலை செய்யாது.

சின்னச் சின்ன அடியாக, முழங்காலைச் சற்றுத் தளர்த்தி, முழுப் பாதமும் பதிய நடக்கட்டும். கை சட்டைப்பைக்குள் இருக்கக் கூடாது. காரிலிருந்து இறங்கும்போது இரண்டு காலையும் தரையில் ஊன்றி, கதவைப் பிடித்துக்கொண்டு எழ வேண்டும். பூட்ஸுக்கு அடியில் ரப்பர் பட்டையோடு மாட்டும் இரும்பு முள் கிடைக்கிறது, நல்ல பிடிப்புத் தரும். வாசலிலேயே அதைக் கழற்றிவிட வேண்டும், டைல்ஸ் தரையில் அதுவே வழுக்கும்.

இன்னொன்று: மகனுக்கு உதவுகிறேன் என்று பனி அள்ளக் கிளம்பிவிடுவார், தடுத்துவிடுங்கள். குளிரில் ரத்தக் குழாய் சுருங்கி அழுத்தம் ஏறும் நேரத்தில் அந்தப் பாரமும் சேர்ந்தால் இதயம் தாங்காது.

கேள்வி: இன்சுலினைப் பெட்டியில் வைக்கலாமா? ஹீட்டர் போட்ட வீட்டில் மூக்கில் ரத்தம் வருமாமே?

பதில்: இன்சுலின் கைப்பையில்தான் வர வேண்டும். ஒருமுறை உறைந்துவிட்டால், உருகிய பிறகும் பயன்படுத்தக் கூடாது. வெளியே போகும்போது ஜாக்கெட்டின் உள்பையில், உடம்புச் சூட்டில் வையுங்கள்.

வெளிக்காற்றில் ஈரம் மிகக் குறைவு. அதைச் சூடாக்கி உள்ளே விடுவதால் வீடு வறண்டுவிடும். ஈரப்பதமூட்டி இருந்தால் 30 முதல் 40 சதவீத ஈரப்பதம் போதும். அதற்கு மேல் போனால் ஜன்னலில் நீர் கோத்துப் பூஞ்சை பிடிக்கும். மூக்கின் உள்ளே உப்புநீர் ஜெல் தடவலாம். குளித்து ஈரம் முழுதும் காயும் முன்பே தோலுக்கு மாய்ஸ்சரைசர் போடுங்கள். தாகம் எடுக்காவிட்டாலும் தண்ணீர் குடியுங்கள்.

கேள்வி: அங்கிருந்து காரில் நாலு மணி நேரம் போய் இன்னொரு உறவினரைப் பார்க்கத் திட்டம். கூடவே இரண்டு வயதுப் பேரன்.

பதில்: வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேரும்படி கிளம்புங்கள். குழந்தையைத் தடித்த ஜாக்கெட்டோடு கார் சீட்டில் வைத்துப் பட்டை போடாதீர்கள். மோதலின்போது ஜாக்கெட் அமுங்கி, பட்டை தளர்ந்துவிடும். மெல்லிய உடையில் பட்டையை இறுக்கிய பிறகு ஜாக்கெட்டை மேலே போர்த்துங்கள்.

போர்வை, டார்ச், மண்வாரி, தண்ணீர், நொறுக்குத் தீனி காரில் இருக்கட்டும். வழியில் பனியில் சிக்கினால் காரை விட்டு இறங்கி நடக்க வேண்டாம். முதலில் புகைக்குழாயைச் சுற்றியுள்ள பனியை அகற்றுங்கள். அடைத்திருந்தால் கார்பன் மோனாக்சைடு உள்ளே வரும். அதற்கு மணம் கிடையாது. பிறகு மணிக்கு 10 நிமிடம் மட்டும் இன்ஜினை ஓட்டி, ஜன்னலை ஒரு விரல்கடை திறந்து வையுங்கள். பனி பெய்துகொண்டே இருந்தால் ஒவ்வொரு முறையும் இன்ஜினைப் போடும் முன் குழாயைப் பார்த்துவிடுங்கள்.