அப்படி நின்று பார்த்தாரா?

வணக்கம்.

ஆறு மாதமாக மனித உருவங்கள் வரையப் பழகுகிறேன். போன மாதம் நான்கு படங்களை, என்னைப் போலவே பழகும் நண்பர்களிடம் காட்டினேன். மூன்று பேர் ‘சூப்பர்’ என்றார்கள். ஒருவர் மட்டும் பதினான்கு குறைகளை வரிசை போட்டு எழுதியிருந்தார். தலை பெரிது, கை சின்னது, கண் மேலும் கீழுமாக இருக்கிறது என்று போகிறது பட்டியல். எதுவும் பொய்யில்லை. ஆனாலும் மூன்று வாரமாகப் பென்சிலைத் தொடவில்லை. விமர்சனத்தை எப்படி எடுத்துக்கொள்வது? உடற்கூறு படித்த பிறகுதான் உருவம் வரைய வேண்டுமா? போட்டோ பார்த்து வரைவது தப்பா? பிறர் படத்தைப் பற்றிச் சொல்ல எனக்குத் தகுதி உண்டா? ஒரு படத்தை இணைத்திருக்கிறேன். சும்மா கிறுக்கியது, மன்னிக்கவும்.

ம.

*

அன்புள்ள ம.,

அந்தக் கடைசி வரியில்தான் எனக்குக் கோபம். படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முழங்கையை மட்டும் நாலைந்து தடவை அழித்து வரைந்த தடம் இருக்கிறது. சும்மா கிறுக்குகிறவர் அப்படி அழிக்க மாட்டார். இப்படி முன்ஜாமீன் வாங்கிக்கொண்டு படத்தைக் காட்டினால் பார்ப்பவர் ஆறுதல்தான் சொல்வார். அந்த மூன்று ‘சூப்பர்’களை நீங்களே கேட்டு வாங்கியிருக்கிறீர்கள். இனி அந்த வரி வேண்டாம். எதைப் பிடிக்க முயன்றீர்கள் என்று எழுதுங்கள். ‘உடம்பு சாய்ந்திருப்பது தெரிய வேண்டும் என்று வரைந்தேன், தெரிகிறதா?’ என்று கேட்டால், பார்ப்பவரும் சாய்வைத்தான் தேடுவார்.

உடற்கூறு, போட்டோ பற்றியெல்லாம் ரொம்ப யோசிக்காதீர்கள். வரைந்துகொண்டே படிக்கலாம். போட்டோ பார்த்து வரையலாம், ஆளை நேரில் பார்த்து வரைய வாய்ப்பு வந்தால் அதை விடக் கூடாது.

அந்தப் பதினான்கு குறைகளுக்கு வருகிறேன். உங்கள் கடிதம் வந்த வாரத்தில்தான் என் பழைய சார்கோல் படங்களைப் பிரித்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஒன்று, நான் பழகத் தொடங்கிய வருடம் மாலை வகுப்பில் வரைந்தது. ஒரு காலில் எடையைப் போட்டு நிற்கும் ஆள். அளவெல்லாம் பார்த்துப் பார்த்து வைத்திருந்தேன். உயரம் தலையின் நீளத்தைப்போல ஏழரை மடங்கு, கண்கள் தலையின் பாதி உயரத்தில், உள்ளங்கையும் விரலும் சேர்ந்து மோவாயிலிருந்து நெற்றி முடி வரைக்கும். எல்லாம் சரியாக இருந்தும் படம் சரியாக இல்லை. என்ன என்று எனக்குப் பிடிபடவில்லை.

பக்கத்து ஈசலில், அதாவது தாளை நிறுத்தி வரையும் சட்டத்தில், வரைந்துகொண்டிருந்த அக்கா வந்து பார்த்தார். ஒரு வார்த்தை பேசவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு, என் படத்தில் இருந்தபடியே நிற்க ஆரம்பித்தார். பாதத்தை அந்தக் கோணத்துக்குத் திருப்பினார், இடுப்பைத் தள்ளினார், தோளை நான் வரைந்த மாதிரியே வைத்தார். அவ்வளவுதான், தடுமாறிப் பக்கவாட்டில் சாய்ந்து ஈசலைப் பிடித்துக்கொண்டார். “தம்பி, இவனால நிக்க முடியாதுப்பா” என்றார். அப்புறம் ஒரு நூலில் அழிரப்பரைக் கட்டி, கொத்தனார் தூக்குக்குண்டு பிடிப்பதுபோலப் படத்தின் தொண்டைக்குழிக்கு நேராகத் தொங்கவிட்டார். நூல் பாதத்தைத் தாண்டி இரண்டு விரல் வெளியே விழுந்தது. அதே நூலை, நாங்கள் பார்த்து வரைவதற்காக நின்ற மாடல் பக்கம் நீட்டிப் பிடித்தார். அது எடை தாங்கிய காலின் கணுக்காலில் போய் நின்றது.

எடை தாங்கும் காலின் பக்கம் இடுப்பு ஏறும், அந்தப் பக்கத் தோள் இறங்கும். இது எனக்குத் தெரியாததில்லை. கி.மு. 5ஆம் நூற்றாண்டில் கிரேக்கச் சிற்பி பாலிக்ளீட்டஸ் செய்த ஈட்டி ஏந்தியவன் சிலையின் ரோமானிய நகலைப் படத்தில் பார்த்துக் குறிப்புக்கூட எடுத்திருந்தேன். ஆனால் அந்த அக்கா தடுமாறிய பிறகுதான் என் இடுப்பில் அது உறைத்தது. அன்று என் படத்தில் கண்ணும் மூக்கும்கூடக் கோணல்தான். அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

உருவப் படத்தைப் பற்றிக் கருத்துச் சொல்கிற யாராக இருந்தாலும், முதலில் அந்தப் படத்தைப்போல நின்று பார்க்க வேண்டும், உட்கார்ந்திருந்தால் உட்கார்ந்து பார்க்க வேண்டும். எனக்கு இதில் விட்டுக்கொடுக்க மனமில்லை. உங்கள் நண்பரிடம் கேளுங்கள், அப்படி நின்று பார்த்தாரா என்று. பார்த்திருந்தால் பதினான்கு வந்திருக்காது. ஒன்றோ இரண்டோ வந்திருக்கும், மற்றதில் பாதி அதன் பின்னாலேயே சரியாகியிருக்கும். தகுதி பற்றிக் கேட்டீர்களே, உங்களுக்கும் உடம்பு இருக்கிறது, போதும். ஆனால் அடுத்தவர் படத்தின் மேலேயே திருத்தி வரையாதீர்கள். எத்தனை நல்ல எண்ணத்தோடு செய்தாலும் அது அத்துமீறல். ஓரத்தில் சின்னதாக வரைந்து காட்டுங்கள்.

மூன்று வாரம் சும்மா இருந்ததற்கு மட்டும் உங்களைத் திட்டத்தான் வேண்டும். வான்கோ ஓவியனாவது என்று முடிவெடுத்தது 1880இல், 27 வயதில். சார்ல்ஸ் பார்க் (Bargue) என்ற பிரெஞ்சு ஓவியர் தயாரித்த பயிற்சிப் படங்களைப் பார்த்துப் பார்த்து வரைந்து பழகினார். 1885இல் ‘உருளைக்கிழங்கு உண்பவர்கள்’ ஓவியத்தைக் கல்லச்சுப் படமாக்கி நண்பர் வான் ரப்பார்டுக்கு அனுப்பினார். அவர் எழுதிய பதில் கொடுமையானது. படத்தில் இருக்கும் அந்த மனிதனுக்கு முழங்காலும் வயிறும் நுரையீரலும் இருக்கக் கூடாதா என்று கேட்டிருந்தார். பார்த்தால் அது உடம்பைப் பற்றிய நியாயமான கேள்விதான். ஆனால் கூடவே, நீ வேலையை மதிக்கவில்லை என்கிற தொனியும் இருந்தது. வான்கோ கடிதத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். ஐந்து வருட நட்பு அந்த வருடத்தோடு முறிந்தது. அவ்வளவு வலித்தும், அதே கோடையில் குனிந்து தோண்டுகிறவர்களையும் கதிர் அறுக்கிறவர்களையும் பெரிய பெரிய தாள்களில் வரைந்து தள்ளினார். உங்களுக்கு வந்தது ஒரு பட்டியல். அதற்கு மூன்று வாரமா?

சரி, உங்கள் படம். ஸ்டூலில் உட்கார்ந்து, இடது கையைப் பின்னால் ஊன்றிச் சாய்ந்திருக்கும் பெண். நானும் அப்படி உட்கார்ந்து பார்த்தேன். கையை நீட்டி ஊன்றி எடையை அதன்மேல் போட்டதும் என் இடது தோள் காதுப் பக்கம் ஏறிவிட்டது, கழுத்து அந்தப் பக்கம் குட்டையானது. உங்கள் படத்தில் இரண்டு தோளும் ஒரே மட்டத்தில் இருக்கின்றன. அதனால்தான் அவள் கையில் எடையே இல்லை, அதனால்தான் முழங்கையை அத்தனை தடவை அழித்தும் உங்களுக்குத் திருப்தி வரவில்லை. முழங்கையில் தப்பு இல்லை. முதுகு வளைவு நன்றாக வந்திருக்கிறது, அதைத் தொடாதீர்கள். அந்த இடது தோளை மட்டும் ஏற்றி, புதுத் தாளில் இன்னொரு தடவை வரைந்து அனுப்புங்கள்.