திரும்பும் தேதியில் இருந்து தொடங்குங்கள்

அயல்நாட்டில் குடும்பத்தோடு வசிக்கும் வாசகர்கள் பள்ளி விடுமுறைத் திட்டம் பற்றிக் கேட்டிருக்கும் கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: மியூனிக்கில் இருக்கிறோம். மகள் உள்ளூர் அரசுப் பள்ளியிலும் மகன் சர்வதேசப் பள்ளியிலும் படிக்கிறார்கள். இருவருக்கும் விடுமுறை ஒத்தே வருவதில்லை. வருடா வருடம் கடைசி நேரத்தில் அல்லாடுகிறோம்.

பதில்: ஜெர்மனியின் 16 மாநிலங்களும் கோடை விடுமுறையை ஒரே சமயத்தில் விடுவதில்லை. நெடுஞ்சாலைகளும் விடுதிகளும் ஒரேயடியாகத் திணறக் கூடாதென்று ஜூன் கடைசியில் இருந்து செப்டம்பர் நடு வரை முறை போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. இந்தச் சுழற்சியில் சேராமல் எப்போதும் கடைசியாக வருபவை உங்கள் மியூனிக் இருக்கும் பவேரியாவும் பாடன்-வூர்ட்டம்பெர்க்கும். அதனால் உங்கள் மகளுக்கு ஆகஸ்ட் தொடக்கத்தில் இருந்து செப்டம்பர் நடு வரை ஆறு வாரம். சர்வதேசப் பள்ளிகள் பெரும்பாலும் ஜூன் கடைசியில் மூடி, ஆகஸ்ட் கடைசியில் திறந்துவிடும். ஒருவருக்கு ஆறு வாரம், மற்றவருக்கு எட்டு வாரம் என்று பார்க்கத் தாராளமாகத் தெரியும். இரண்டும் ஒன்றாக அமைவது ஆகஸ்டில் மூன்று, மூன்றரை வாரம்தான். குடும்பமாகப் போக உங்களுக்கு இருக்கும் கோடை அவ்வளவே என்று முதலிலேயே ஒப்புக்கொண்டுவிட்டால் பாதி அல்லாட்டம் குறையும்.

ஒரு பெரிய தாளிலோ எக்செலிலோ 52 வாரங்களை வரிசையாக எழுதுங்கள். மகள் பள்ளி, மகன் பள்ளி, அப்பா அலுவலகம், அம்மா அலுவலகம் என்று நான்கு பத்திகள். விடுமுறை தொடங்கும் நாளை முதலில் குறிப்பதுதான் எல்லோரும் செய்யும் தவறு. பள்ளி திறக்கும் நாளை முதலில் குறியுங்கள். அதிலிருந்து மூன்று நாள் பின்னோக்கி எண்ணினால், நீங்கள் ஊர் திரும்பி இறங்க வேண்டிய கடைசி நாள் கிடைக்கும். பிறகுதான் கிளம்பும் நாள். உங்கள் கணக்கில் திரும்பும் நாளை மகன் பள்ளி முடிவு செய்கிறது, கிளம்பும் நாளை மகள் பள்ளி முடிவு செய்கிறது. இதைத் தலைகீழாகப் போட்டுவிட்டுத்தான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள்.

அடுத்து அலுவலக விடுப்பு. பள்ளி விடுமுறை எல்லாம் சேர்த்து ஆண்டுக்குச் சுமார் 12 வாரம் என்று வையுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் சட்டப்படி ஊதியத்தோடு கிடைக்கும் குறைந்தபட்ச விடுப்பு ஆளுக்கு நான்கு வாரம். இருவரும் மாறி மாறி எடுத்தால் எட்டு வாரம் சமாளிக்கலாம். சேர்ந்து எடுக்கும் ஒவ்வொரு வாரமும் அதில் ஒன்றைத் தின்றுவிடும். மூன்று வாரம் சேர்ந்து போனால் மீதி இரண்டு வாரத்துக்குத்தான் ஒருவர் மாற்றி ஒருவர் வீட்டில் இருக்க முடியும். இன்னும் ஏழு வாரத்துக்கு விடுமுறை முகாம், பகல் காப்பகம், விருந்தினராக வரும் தாத்தா பாட்டி என்று வேறு வழி தேட வேண்டும். உங்கள் வீட்டில் இரண்டு பள்ளி என்பதால் இந்த ஏழு இன்னும் கூடும். ஜூலை முழுக்க மகன் வீட்டில் இருப்பான், மகள் பள்ளியில் இருப்பாள். அந்த மாதத்துக்கு முகாம் இடத்தைக் குளிர்காலத்திலேயே பதிவு செய்துவிடுங்கள்.

பவேரியாவில் பெந்தெகொஸ்தே என்ற கிறிஸ்தவப் பண்டிகை விடுமுறை இரண்டு வாரம். ஈஸ்டருக்கு 49 நாள் கழித்து வருவதால் ஆண்டுக்கு ஆண்டு நகரும். ஈஸ்டர் 2025இல் ஏப்ரல் 20, 2026இல் ஏப்ரல் 5, 2027இல் மார்ச் 28. போன வருடத்துத் தேதியை நம்பி விடுப்பு கேட்காதீர்கள். மகன் பள்ளியில் அந்த விடுமுறை உண்டா, எத்தனை நாள் என்பதையும் தனியாகக் கேளுங்கள். மாநில அட்டவணை பல ஆண்டு முன்பே வெளியாகிவிடும். சர்வதேசப் பள்ளிகள் அவ்வளவு முன்கூட்டிச் சொல்வதில்லை.

கேள்வி: இங்கிலாந்தில் பள்ளி மூடுவதற்கு இரண்டு நாள் முன்பே கிளம்பினால் பயணச்சீட்டு வெகுவாகக் குறைகிறது. அபராதம் கட்டினாலும் லாபம்தான் என்கிறார்கள் நண்பர்கள். உண்மையா?

பதில்: அபராதத்தை நண்பர்கள் ஒரு ரசீதாகக் கணக்குப் போட்டிருப்பார்கள். அது ஒவ்வொரு பெற்றோருக்கும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனித்தனி. 2024 ஆகஸ்டில் இருந்து இங்கிலாந்து முழுவதற்கும் ஒரே விதி: 21 நாளுக்குள் கட்டினால் 80 பவுண்டு, 28 நாளுக்குள் என்றால் 160. பெற்றோர் இருவர், பிள்ளைகள் இருவர் என்றால் நான்கு நோட்டீஸ், குறைந்தது 320 பவுண்டு. அதே பெற்றோருக்கு அதே பிள்ளைக்காக மூன்று ஆண்டுக்குள் இரண்டாம் முறை வந்தால் நேராக 160, சலுகை கிடையாது. மூன்றாம் முறை நோட்டீஸே வராது, நீதிமன்றம் வரை போகலாம். அங்கே 2,500 பவுண்டு வரை அபராதம் போட முடியும்.

பத்துப் பள்ளி வாரங்களுக்குள் அனுமதியில்லாமல் 10 அரைநாள் வராமல் போனால் நோட்டீஸ் அனுப்புவதா என்று பள்ளி பரிசீலிக்க வேண்டும். இரண்டு நாள் என்பது நான்கு அரைநாள், எல்லைக்குக் கீழேதான். ஆனால் வருகைப் பதிவு மூடிய பிறகு பிள்ளை தாமதமாக வந்த காலைகளும் இந்தக் கணக்கில் சேரும் என்பது பலருக்குத் தெரியாது. எல்லைக்குக் கீழே இருந்தாலும் நோட்டீஸ் அனுப்பும் உரிமை உள்ளாட்சிக்கு உண்டு. மலிவான சீட்டு என்பது தலைமையாசிரியர் விடுப்புத் தருவதற்கான விதிவிலக்கான காரணம் ஆகாது. காய்ச்சல் என்று பொய் சொல்லும் யோசனையை விட்டுவிடுங்கள். ஐந்து வயதுப் பிள்ளை திங்கட்கிழமை வகுப்பில் விமானத்தை வரைந்து காட்டிவிடும்.

நேர்மையான வழி ஒன்று இருக்கிறது. ஆசிரியர் பயிற்சிக்காக ஆண்டுக்கு ஐந்து நாள் பள்ளிகளில் மாணவர்களுக்கு வகுப்பு இருக்காது. எந்த ஐந்து என்பதைப் பள்ளியே தீர்மானிக்கிறது. பக்கத்துப் பள்ளி அன்று திறந்திருக்கலாம். இந்த நாள்கள் விடுமுறையை ஒட்டி அமைந்தால், கூட்டம் இல்லாத நாளில் பறக்கலாம்.

நெதர்லாந்தில் இருந்து இதே கேள்வியை அனுப்பியவருக்கு: ஒரு பெற்றோரின் தொழில் காரணமாக எந்தப் பள்ளி விடுமுறையிலும் குடும்பத்தோடு போக முடியாது என்று நிரூபித்தால் அங்கே ஆண்டுக்கு ஒரு முறை, அதிகபட்சம் 10 பள்ளி நாள் விடுப்புக் கிடைக்கும். கல்வியாண்டின் முதல் இரண்டு வாரத்தில் மட்டும் கிடைக்காது.

கேள்வி: பயணச்சீட்டை எப்போது வாங்குவது? கைக்குழந்தைக்குப் பயணத்தின் நடுவில் இரண்டு வயது முடிகிறது.

பதில்: பெரும்பாலான விமான நிறுவனங்கள் 330 முதல் 360 நாள் முன்னால் விற்பனையைத் திறக்கின்றன. போகும் தேதி திறந்த அன்று திரும்பும் தேதி திறந்திருக்காது. ஐந்து வாரப் பயணம் என்றால் ஐந்து வாரம் காத்திருந்து, இரண்டும் சேர்ந்த ஒரே சீட்டாக வாங்குங்கள். முதல் நாளே பாய வேண்டியதில்லை. பள்ளி மூடும் வெள்ளி இரவு, அடுத்த சனி, பள்ளி திறப்பதற்கு முந்தைய ஞாயிறு ஆகிய மூன்றையும் தவிர்த்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். இரண்டு தனிச் சீட்டுகளை ஒட்டுப்போட்டு மிச்சம் பிடிக்க நினைத்தால், முதல் விமானம் தாமதமாகி அடுத்ததைத் தவறவிடும்போது பொறுப்பு உங்கள் தலையில்தான் விழும்.

மடியில் வைத்துக்கொள்ளும் குழந்தைக்குச் சர்வதேச வழித்தடத்தில் வழக்கமாகப் பெரியவர் கட்டணத்தில் பத்தில் ஒரு பங்குதான். ஆனால் வயதைச் சீட்டு வாங்கும் நாளில் பார்ப்பதில்லை, பறக்கும் நாளில் பார்ப்பார்கள். உங்கள் குழந்தை போகும்போது மடியில் உட்காரலாம், திரும்பும்போது தனி இருக்கை வேண்டும். இணையதளம் பல சமயம் இதைச் சரியாகக் கையாளாது. நிறுவனத்துக்குப் போன் செய்து வாங்குங்கள். பிறந்த தேதியை மாற்றிப் போட்டால் திரும்பும் நாளில் கவுன்ட்டரில் அன்றைய விலைக்கு இருக்கை வாங்க வேண்டிவரும், அதுவும் இருந்தால். 12 வயது முடிந்தவர்களுக்கும் இதே கதைதான், பெரியவர் கட்டணம்.

கேள்வி: கணவருக்கு இரண்டு வாரமே விடுப்பு. நானும் பிள்ளைகளும் இரண்டு வாரம் கழித்துத் தனியாகத் திரும்ப வேண்டும். என்னென்ன கையில் இருக்க வேண்டும்?

பதில்: கணவர் கையெழுத்திட்ட சம்மதக் கடிதம், நோட்டரி முத்திரையோடு. அதில் பிள்ளைகளின் பெயர், பாஸ்போர்ட் எண், பயணத் தேதிகள், தங்கும் முகவரி, அவருடைய போன் எண் எல்லாம் இருக்கட்டும். அவர் பாஸ்போர்ட்டின் நகலும், இருவர் பெயரும் உள்ள பிறப்புச் சான்றிதழும் கூடவே. உங்கள் கடைசிப் பெயரும் பிள்ளைகளின் கடைசிப் பெயரும் வேறாக இருந்தால் பிறப்புச் சான்றிதழை வீட்டில் விட்டுவிட்டுப் போகவே கூடாது.

பிள்ளைகளின் பாஸ்போர்ட் பல நாடுகளில் ஐந்து ஆண்டுக்குத்தான். பெற்றோருடையது பத்து ஆண்டு என்பதால் பிள்ளைகளுடையது முடிவதை யாரும் கவனிப்பதில்லை. பல நாடுகள் ஆறு மாதமாவது செல்லுபடி மிச்சம் இருக்க வேண்டும் என்கின்றன. குடியிருப்பு அனுமதி பழைய பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்தால் இரண்டையும் எடுத்துச் செல்லுங்கள். விடுமுறையில் இருக்கும்போது அனுமதி காலாவதியானால் குடியேற்ற அதிகாரி வரைகூடப் போக மாட்டீர்கள். செக்-இன் கவுன்ட்டரிலேயே நிறுத்திவிடுவார்கள்.

கேள்வி: நாங்கள் போவதற்குப் பதில் அப்பா அம்மாவைப் பிரான்சுக்கு அழைக்கலாமா? மார்ச், ஏப்ரலில் ஒரு முறை வந்து போய்விட்டார்கள்.

பதில்: அழைக்கலாம், ஆனால் ஷெங்கன் (ஒரே விசாவில் போய்வரும் ஐரோப்பிய நாடுகளின் கூட்டு) கணக்கைப் போட்டுப் பாருங்கள். எந்த நாளில் நின்று பார்த்தாலும், அந்த நாளையும் சேர்த்துப் பின்னோக்கி எண்ணும் 180 நாளில் 90 நாளுக்கு மேல் தங்கியிருக்கக் கூடாது. வந்த நாள், போன நாள் இரண்டும் கணக்கில் உண்டு. மார்ச் 1 முதல் ஏப்ரல் 29 வரை தங்கியிருந்தால் 60 நாள். ஜூலை 1 மறுபடி வந்தால் மீதி 30 நாள், ஜூலை 30 அன்று கிளம்பியாக வேண்டும். அதையே ஆகஸ்ட் 1 என்று தள்ளிப்போட்டால், ஆகஸ்ட் 28இல் இருந்து மார்ச் மாதத்துப் பழைய நாள்கள் ஒவ்வொன்றாகக் கணக்கில் இருந்து கழன்றுகொண்டே வரும். இதனால் தொடர்ந்து 90 நாள் தங்கலாம். ஒரு மாதம் தள்ளியதில் 60 நாள் கூடுகிறது. விசா பலமுறை நுழைவுக்கானதா, அதில் அச்சிட்ட நாள் எண்ணிக்கை இடம் தருகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

புது விசா என்றால் பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். 15 நாள் முன்பு வரை கதவு திறந்திருக்கும் என்றாலும் கோடைக்கு முன் நேர்காணல் நேரம் கிடைப்பதே பெரும்பாடு. கட்டணம் பெரியவருக்கு 90 யூரோ. குறைந்தது 30,000 யூரோவுக்கு மருத்துவக் காப்பீடு கட்டாயம்.

கேள்வி: ஊருக்குத் திரும்பி இறங்கிய மறுநாளே பள்ளி. பரவாயில்லையா?

பதில்: நேர வித்தியாசம் இரண்டு மணிக்குள் என்றால் பரவாயில்லை. அதற்கு மேல் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் ஏறக்குறைய ஒரு நாள் உடம்பு கேட்கும். கிழக்கு நோக்கிப் பறந்தால் இன்னும் கடினம், இரவில் தூக்கம் வராது, காலையில் எழுப்ப முடியாது. மேற்கு நோக்கி என்றால் விடியற்காலை நான்கு மணிக்கே எழுந்து உட்கார்ந்துகொள்வார்கள், வகுப்பில் மதியம் சாய்ந்துவிடுவார்கள். கிழக்கே போனவர்களுக்குக் காலை வெயில், மேற்கே போனவர்களுக்கு மாலை வெயில். பகல் தூக்கம் அரை மணிக்கு மேல் வேண்டாம்.