செங்கல் அடுப்பின் புகைபோக்கி: முதலில் வாயை அளந்து வாருங்கள்

ரொட்டியும் பீட்சாவும் சுட வீட்டில் தாமே கட்டும் விறகுக் குவிமாட அடுப்புகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் எழுதியிருக்கிறேன். ஒன்றிரண்டில் அதிக நேரம் நின்றுவிட்டேன். அவை நிற்க வேண்டிய இடங்கள்.

கேள்வி: உள்விட்டம் 90 செ.மீ. உள்ள அடுப்பு கட்டுகிறேன். புகைபோக்கிக்கு எவ்வளவு திறப்பு விட வேண்டும்?

உள்விட்டத்தை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. புகைபோக்கி புகையை மட்டும் இழுப்பதில்லை. வாயருகே இருக்கும் குளிர்ந்த காற்றையும் சேர்த்தே இழுக்கிறது. வாய் பெரிதானால் அந்தக் காற்றும் கூடும். ஆகவே வெளிவாயின் பரப்பை அளந்து, அதில் பத்தில் ஒரு பங்கு முதல் எட்டில் ஒரு பங்கு வரை புகைபோக்கிக்குக் கொடுங்கள்.

உங்கள் குவிமாடம் அரைக்கோளம் என்றால் உள் உயரம் 45 செ.மீ. உள்வாயின், அதாவது குவிமாடத்துக்குள் திறக்கும் வாயின், உயரம் அதில் ஏறக்குறைய 63 சதவீதம் இருக்க வேண்டும் என்பது அடுப்பு கட்டுபவர்கள் பின்பற்றும் கணக்கு, 28 செ.மீ. வருகிறது. வெளிவாய், அதாவது அதற்கு முன்னே புகைபோக்கியைத் தாங்கும் முன்வளைவின் திறப்பு, 50 செ.மீ. அகலமும் சராசரியாக 28 செ.மீ. உயரமும் இருந்தால் பரப்பு 1,400 சதுர செ.மீ. புகைபோக்கிக்கு 140 முதல் 175 வரை வேண்டும். 15 செ.மீ. விட்டமுள்ள வட்டக் குழாயின் பரப்பு 177. அதுவே போதும். ஒரு மீட்டருக்கும் குட்டையான குழாய்தான் வைக்க முடியும் என்றால் அடுத்த அளவுக்குப் போங்கள்.

கேள்வி: 15 செ.மீ. வட்டக் குழாய்க்குப் பதிலாகச் செங்கல்லில் 15-க்கு 15 சதுரமாகக் கட்டினால் பரப்பு கூடுமே?

தாளில் கூடும்: 225 சதுர செ.மீ. ஆனால் சூடான புகை நடுவே ஏறுகிறது; நான்கு மூலைகளும் குளிர்ந்து, அங்கே காற்று சுழன்றுகொண்டிருக்கும். அந்தச் சதுரத்தை 15 செ.மீ. வட்டத்தைவிடச் சற்றே பெரியது என்று மட்டும் கணக்கில் வையுங்கள். உட்புறச் சாந்தை வழித்து மழமழப்பாக்குங்கள்.

கேள்வி: 20 செ.மீ. குழாய் வைத்தும் புகை முன்பக்கம் வருகிறது. இன்னும் அகலப்படுத்தவா?

வேண்டாம். குழாய் தேவைக்கு மேல் அகலமானால் புகை மெதுவாக ஏறும், ஏறும்போதே குளிரும், இழுவை செத்துவிடும். இடிக்கும் முன் இவற்றைப் பாருங்கள்.

விறகு காய்ந்ததா? ஈரம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்தால் எந்தக் குழாயும் உங்களைக் காப்பாற்றாது. குழாய் குளிர்ந்து கிடக்கும்போதே பெரிய தீ மூட்டுகிறீர்களா? முதலில் ஒரு காகிதச் சுருளைக் குழாயின் அடியில் எரித்து அதைச் சூடேற்றுங்கள். மேல்மூடி குழாயின் தலையை நெருக்கி உட்கார்ந்திருக்கிறதா? முன்வளைவின் உச்சி, புகை ஏறும் திறப்பைவிடக் கீழே இறங்கியிருக்கிறதா? இரண்டும் ஒரே மட்டத்தில் இருந்தால் புகைக்கு மேலே போவதும் வெளியே போவதும் ஒன்றுதான். நான் பார்த்த புகை அடுப்புகளில் பெரும்பாலானவற்றின் நோய் இதுவே. வளைவின் கீழ் இரண்டு விரல் உயரத்துக்கு ஒரு தகட்டைப் பிடித்துப் பாருங்கள். புகை உடனே திரும்பினால் காரணம் தெரிந்துவிட்டது.

இவை எல்லாம் சரியாக இருந்தால் உயரத்தைக் கூட்டுங்கள். உயரத்தை இரட்டிப்பாக்கினால் இழுக்கும் காற்று இரட்டிப்பாகாது, ஏறக்குறைய 1.4 மடங்காகும். அதுவே பெரும்பாலும் போதும்.

கேள்வி: குழாய் 15 செ.மீ. வட்டம், வாயோ 50 செ.மீ. அகலம். ஓரங்களில் வரும் புகை எப்படி நடுவுக்கு வரும்?

நல்ல கேள்வி. இதை யாரும் கேட்பதில்லை. வளைவுக்கு மேல் வட்ட ஓட்டை மட்டும் விட்டால் ஓரப்புகை தப்பிவிடும். திறப்பு அடியில் வாயின் அகலத்துக்கு நீண்டு, முன்பின்னாக ஒடுங்கி இருக்க வேண்டும். மேலே போகப்போகச் சரிந்து வட்டத்தில் முடிய வேண்டும். புனலைக் கவிழ்த்தது போல. குளிர்காய வீட்டுச் சுவரில் கட்டும் கணப்படுப்புகளில் இந்த ஒடுங்கிய தொண்டையை வலியுறுத்தியவர் அறிவியலாளர் ரம்ஃபோர்டு பிரபு. 1796-இல் எழுதிய கட்டுரையில் தொண்டைக்கு அவர் சொன்ன அளவு 4 அங்குலம். நம் அடுப்புக்கும் 10 முதல் 12 செ.மீ. ஆழம் பொருந்தும். சரிவு மட்டும் படுக்கையாகிவிடக் கூடாது. 45 பாகையாவது நிமிர்ந்து நிற்கட்டும்.

கேள்வி: துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய் மலிவாகக் கிடைக்கிறது. பயன்படுத்தலாமா?

கூடாது. துத்தநாகம் 420 டிகிரியில் உருகும். அதன் புகை நஞ்சு. துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள்.

கேள்வி: புகைபோக்கியைக் குவிமாடத்தின் உச்சியில் வைக்கலாமா?

கூடாது. குளிர்காற்று வாயின் கீழ்ப்பாதியில் நுழைய, சுடர் பின்சுவரில் ஏறி, கூரையைத் தழுவி, முன்னே வந்து வாயின் மேல்பாதியில் வெளியேற வேண்டும். அந்தப் பயணத்தில்தான் செங்கல் சூட்டைக் குடிக்கிறது. உச்சியில் ஓட்டை போட்டால் அந்தச் சூடு நேராக வானத்துக்குப் போகும். புகைபோக்கியின் இடம் உள்வாய்க்கு வெளியே, முன்வளைவின் மேல்.

கேள்வி: முந்தைய பதிலை ஏற்க மாட்டேன். என் அடுப்பில் உச்சியில்தான் ஓட்டை. புகையே வராமல் எரிகிறது.

புகை வராது என்பதை ஒப்புக்கொள்கிறேன். மிக நன்றாக இழுக்கும். இழுப்பது உங்கள் சூட்டையும் சேர்த்து. நானும் முதல் அடுப்பை அப்படித்தான் கட்டினேன். தீ அணைந்த பின் கதவை மூடினாலும் சூடு நிற்கவில்லை.

அதே நண்பர்: ஓட்டைக்கு மூடி போட்டுவிடுகிறேனே?

தீ அணைந்த பிறகு மூடலாம். அப்போது சேமித்த சூட்டைக் காக்கும், உண்மை. ஆனால் எரியும்போது இழந்ததை மூடி திருப்பித் தராது. தீ எரிகையிலேயே மூடினால் புகை முழுவதும் வாய் வழியே வரும். அங்கே உங்களுக்குப் புகைபோக்கி இல்லை. கரி கனன்றுகொண்டிருக்கும்போது மூடுவது அதைவிட மோசம்: கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடு ஆளைக் கொல்லும் வாயு, அதற்கு மணமும் இல்லை.

கேள்வி: 100 செ.மீ. அடுப்புக்கு எத்தனை? 80-க்கு எத்தனை? 110-க்கு? (மூன்று பேர்)

முதல் பதிலைப் படியுங்கள். அதில் கணக்கே இருக்கிறது. வாயின் அளவு சொல்லாமல் அடுப்பின் விட்டம் மட்டும் எழுதுபவர்களுக்கு என்னிடம் எண் இல்லை.

கேள்வி: எரிவாயு அடுப்பானைச் செங்கல் அடுப்புக்குள் பொருத்தினால்?

அது என் துறை அல்ல. உரிமம் பெற்ற எரிவாயுப் பணியாளரிடம் கேளுங்கள்.

கேள்வி: உச்சியில் 5 செ.மீ. அளவுக்குச் சின்ன ஓட்டை மட்டும்?

கூடாது. வாய்க்கு வெளியே, முன்வளைவின் மேல்.

உச்சி ஓட்டை நண்பர் மறுபடி: சரி, அடைத்துவிடுகிறேன். எப்படி?

மகிழ்ச்சி. ஓட்டையின் விளிம்பைச் சாய்வாகச் செதுக்குங்கள்: வெளிப்புறம் அகலம், உட்புறம் குறுகல். உலைச் செங்கல் ஒன்றை அதே சாய்வில் ஆப்பு போல வெட்டி மேலிருந்து இறக்குங்கள். சாந்து உதிர்ந்தாலும் கல் உள்ளே விழாது. வெப்பம் தாங்கும் சாந்து வையுங்கள், வெறும் சிமெண்ட் வேண்டாம். ஒரு வாரம் காயவிட்டு, பல நாள் சிறு தீயாக மூட்டிச் சூட்டை ஏற்றுங்கள். அவசரப்பட்டால் உள்ளே சிக்கிய நீர் ஆவியாகிக் கல்லைப் பிளந்துவிடும். அதற்குள் வாயின் அகலத்தையும் உயரத்தையும் அளந்து எழுதுங்கள். முன்வளைவுக்கான குழாயை நான் கணக்கிட்டுத் தருகிறேன்.