விஞ்ஞானப் புனைகதையில் பெண்கள்: கேள்வி பதில்

வெள்ளவத்தை மாணவி: அக்கா, நான் ஏ.எல். படிக்கிறேன். பெண்கள் எழுதிய விஞ்ஞானக் கதைகளை எதிலிருந்து வாசிக்கத் தொடங்கலாம்?

தங்கச்சி, ரொக்கையா சகாவத் ஹொசைன் எழுதிய ‘சுல்தானாவின் கனவு’ சின்னக் கதைதான், அதிலிருந்து தொடங்குங்கள். வங்காளத்தில் பர்தாவுக்குள் வளர்ந்தவர் ஆங்கிலத்தில் எழுதினார். 1905இல் அதை வெளியிட்டது சென்னையிலிருந்து வந்த ஒரு பெண்கள் இதழ். கதையில் வரும் நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் இருக்க, பெண்கள் ஆட்சி செய்கிறார்கள். பெண்கள் பல்கலைக்கழகம் ஒன்று மேகத்திலிருந்து தண்ணீர் எடுக்கிறது. இன்னொன்று வெயிலின் வெப்பத்தைச் சேமித்து, அதைக் கொண்டே எதிரிப் படையை விரட்டுகிறது. எனக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது அதிலுள்ள சமையலறை. கரியும் இல்லை, புகையும் இல்லை, சூரிய வெப்பத்திலேயே சமையல்! பறக்கும் வண்டியைக் கற்பனை செய்த அதே மனம் அடுப்படியையும் விஞ்ஞானத்தின் வேலையாகப் பார்த்திருக்கிறது. 1911இல் அவர் கல்கத்தாவில் பெண் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடமும் நடத்தத் தொடங்கினார்.

கொட்டாஞ்சேனை வாசகர்: கதைக்கு விஞ்ஞானம் போதாதா? பெண்ணியம் எதற்கு?

ஐயா, ஆயிரம் வருடத்துக்குப் பிறகு நடக்கிற கதையில் கப்பல் நட்சத்திரம் விட்டு நட்சத்திரம் போகிறது. ஆனால் தேத்தண்ணி ஊற்றுவது அப்போதும் பெண்தான் என்றால், எழுதியவர் எதிர்காலத்தைப் பாதிதான் யோசித்திருக்கிறார். உர்சுலா லெ குவின் மீதிப் பாதியையும் யோசித்தார். 1969இல் வந்த ‘இருளின் இடது கை’ நாவலில் மனிதர்கள் மாதத்தில் சில நாட்கள் மட்டுமே ஆணாகவோ பெண்ணாகவோ மாறுவார்கள். யாரும் கருத்தரிக்கலாம், அரசர் உட்பட. அப்படியொரு நாட்டில் ‘இது பெண் வேலை’ என்று எதைச் சொல்வீர்கள்? விஞ்ஞானப் புனைகதைக்குக் கொடுக்கும் ஹியூகோ, நெபியுலா இரண்டு விருதும் அதற்குக் கிடைத்தன.

வத்தளை வாசகி: முதல் விஞ்ஞானப் புனைகதையே ஒரு பெண் எழுதியதா?

விமர்சகர்கள் பலர் அப்படித்தான் சொல்கிறார்கள். மேரி ஷெல்லியின் ‘ஃபிராங்கன்ஸ்டைன்’, 1818. முதல் பதிப்பில் அவர் பெயரே இல்லை.

தெஹிவளை வாசகர்: சுஜாதா மனைவி பெயரில் எழுதினார். ஆண் பெயரில் எழுதிய பெண்ணும் உண்டா?

உண்டு. ஜேம்ஸ் டிப்ட்ரீ ஜூனியர் என்ற பெயருக்குப் பின்னால் இருந்தவர் ஆலிஸ் ஷெல்டன். அந்த எழுத்தில் ஆண்மை தெரிகிறது, இதைப் பெண் எழுதியிருக்க முடியாது என்று விஞ்ஞானக் கதை எழுத்தாளர் ரொபர்ட் சில்வர்பேர்க் 1975இல் எழுதினார். 1977இல் உண்மை வெளியே வந்தது. ரங்கராஜன் ‘சுஜாதா’ ஆனது இன்னொரு ரங்கராஜன் ஏற்கெனவே எழுதிக்கொண்டிருந்ததால். ஷெல்டனுக்கோ ஆண் பெயர் ஒரு மறைவிடம். இரண்டையும் ஒன்றாக வைத்துப் பேச எனக்கு மனம் வரவில்லை.

பம்பலப்பிட்டி வாசகி: நானும் எழுதுகிறேன் அக்கா. என் கதையில் விண்கப்பல் கப்டன் ஒரு பெண். அது போதுமா?

நல்ல தொடக்கம், ஆனால் போதாது. இந்தக் கொழும்பில் வாழ்ந்த ஆர்தர் சி. கிளார்க் 1979இல் விண்வெளிக்கு லிஃப்ட் கட்டும் நாவலை வெளியிட்டார். அதே வருடம் ஒக்டேவியா பட்லரின் ‘கின்ட்ரெட்’ வந்தது. 1976இல் வாழும் ஒரு கறுப்பினப் பெண் அமெரிக்காவின் அடிமைக் காலத்துக்கு இழுக்கப்படுகிறாள். எந்த இயந்திரத்தால் என்று பட்லர் சொல்வதே இல்லை. அங்கே அவள் உடம்புக்கு என்ன நடக்கிறது என்பதுதான் முழுக் கதையும். கடைசியில் ஒரு கையை இழந்து திரும்புகிறாள். சரி, உங்கள் கப்டனுக்கு வாருங்கள். அவளுக்குப் பிள்ளை இருந்தால் யார் பார்க்கிறார்கள்? இரவு வேலை முடிந்து எந்தப் பாதையால் தனியே நடக்கப் பயப்படுகிறாள்? இவற்றை யோசித்து முதல் அத்தியாயத்தைத் திருத்தி அனுப்புங்கள். கட்டாயம் வாசித்துச் சொல்கிறேன்.